பாட்டுக்குப் படியளந்தவர் யார்? தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வாழ்க்கை



போன டிசம்பரில் நம் பொது ஹாலில் கிறிஸ்துமஸ் கேக் வெட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கேக், சுண்டல், குழந்தைகளுக்குச் சாக்லேட், வாசலில் நட்சத்திர விளக்கு என்று எதிலும் குறைவில்லை. சங்கத்துக் கணக்கை எழுதுகிறவன் என்பதால் பில்கள் எல்லாம் என்னிடம் வந்தன. அதில் ஒன்று ஸ்பீக்கர் வாடகை பில். மாலை முழுவதும் அந்த ஸ்பீக்கரில் ஆங்கிலப் பாட்டுகள் ஓடின. நாம் எல்லோரும் பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

தரைத்தளத்தில் இருக்கும் ஒரு பாட்டியம்மா மட்டும், ஒரு தமிழ்க் கீர்த்தனை போடக் கூடாதா என்று கேட்டார். யாரோ ஃபோனில் தேடிப் போட்டார்கள். பாதிப் பாட்டில் விளம்பரம் வந்துவிட்டது. பாட்டியம்மா சிரித்துக்கொண்டே அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டு சரணம் பாடினார். கூடச் சேர்ந்து பாட அவர் மகன் ஒருவரால்தான் முடிந்தது. அவருக்கும் பல்லவிக்கு மேல் தெரியவில்லை. பாட்டு யாருடையது என்று கேட்டேன். தஞ்சாவூர் சாஸ்திரியாருடையது என்றார்.

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. வங்கியில் வேலை பார்த்த காலத்தில் சில வருடம் தஞ்சாவூரில் இருந்திருக்கிறேன். தியாகராஜர் தெரியும், நால்வர் தெரியும். அதே ஊரில் அதே காலத்தில் நூற்றுக்கணக்கில் கீர்த்தனை கட்டிய வேதநாயகம் சாஸ்திரியாரைப் பெயரளவில்தான் தெரியும். இந்த ஒரு வருடத்தில் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை உங்களிடம் சொல்கிறேன். நான் காமர்ஸ் படித்தவன். ராகத்தை விட வரவு செலவுதான் என் கண்ணில் முதலில் படும். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

திருநெல்வேலியிலிருந்து தஞ்சாவூருக்கு

வேதநாயகம் பிறந்தது 1774 செப்டம்பர் 7, திருநெல்வேலியில். அப்பா அருணாசலம் பிள்ளை கிறிஸ்தவராகி தேவசகாயம் என்று பெயர் வைத்துக்கொண்டவர், தமிழ்ப் புலமை உள்ளவர். பையனுக்குத் தமிழும் செய்யுளும் வீட்டிலேயே வந்துவிட்டன.

1785 வாக்கில் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்தார். தஞ்சாவூர் அரண்மனையில் அவருக்கு இருந்த செல்வாக்கு சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். துளஜா மகாராஜா, தான் தத்தெடுத்த பிள்ளை சரபோஜியைப் பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்தது அவரிடம்தான். அவர் வேதநாயகத்தின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து, அப்பாவிடம் கேட்டுத் தன்னோடு தஞ்சாவூருக்கு அழைத்துப் போனார். சரபோஜி இவருக்கு மூன்று வயது இளையவர். இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே. ராஜா வீட்டுப் பிள்ளையும் பாளையங்கோட்டைப் பையனும் அந்த வயதில் பழகிய பழக்கம் கடைசி வரை இருந்தது.

பிறகு தரங்கம்பாடியில் படிப்பு. வேத பாடத்தோடு பூகோளம், வானசாஸ்திரம், உடற்கூறு எல்லாம் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை அந்தக் காலத்திலேயே பாடமாகப் படித்துவிட்டு வந்தார். 1794-ல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், தஞ்சாவூர் மிஷன் பள்ளியில் தலைமை ஆசிரியர் வேலை கிடைத்தது. 35 வருடம் அந்த வேலையில் இருந்தார். நம்மில் பலருடைய சர்வீஸ் கணக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அவருடைய சர்வீஸ் முடிந்த விதம் வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏற்றப்பாட்டில் பக்தி

அந்த நாளில் நம் ஊர்ப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் கோயில்களில் பாடியவை பெரும்பாலும் ஞானப்பாட்டுகள். ஜெர்மன் பாட்டைத் தமிழில் பெயர்த்து, ஜெர்மன் ராகத்திலேயே பாடுவார்கள். மெட்டுக்குத் தகுந்தபடி தமிழ்ச் சொல்லை நீட்டியும் குறுக்கியும் வைத்திருப்பார்கள். பக்தி குறைவில்லை. ஆனால் வயலில் பாடுகிற வாய்க்கு அது எளிதில் வராது.

சாஸ்திரியார் கர்நாடக ராகத்தையும் நாட்டுப்புற மெட்டையும் எடுத்துக்கொண்டார். பல்லவி, அனுபல்லவி, சரணம் வைத்துக் கீர்த்தனை கட்டினார். கும்மியில் ஒரு நூல், ஏற்றப்பாட்டில் ஒன்று, கப்பல் பாட்டில் நோவாவின் கதை, நாடகமாக ஒன்று. நம் பெரம்பலூர்ப் பக்கத்தில் கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்த பெரியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். சால் எண்ணிக்கை தவறாமல் இருக்கப் பாட்டு, சலிப்புத் தெரியாமல் இருக்கப் பாட்டு. அந்த மெட்டில் வேதக் கதையைச் சொன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். சிறிதும் பெரிதுமாக அவர் எழுதியவை நூற்றுக்கு மேல் என்று சொல்வார்கள். சுவிசேஷக் கவிராயர் என்று பட்டமும் வந்தது.

இந்த வேலையில் அவருக்கு ஒரு முன்னோடி நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே உண்டு. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் 1726-ல் தேம்பாவணியை முடித்தார். இத்தாலியில் பிறந்தவர் சூசையப்பரின் கதையைத் தமிழ்க் காப்பியமாகவே செய்தார். ஆனால் தேம்பாவணியைப் புரிந்துகொள்ளப் புலவர் வேண்டும். சாஸ்திரியார் பாட்டுக்குத் தாளம் போடத் தெரிந்தால் போதும்.

கிறிஸ்துமஸோடு அவர் பெயரைச் சேர்த்து நினைக்க வைக்கும் நூல் பெத்லகேம் குறவஞ்சி. 1800-ல் முடித்தது. குறவஞ்சி என்றால் உங்களுக்குக் குற்றாலம் நினைவுக்கு வரும். தலைவன் உலா வருவான், தலைவி மையல் கொள்வாள், குறத்தி வந்து மலைவளம் சொல்லிக் கையைப் பார்த்துக் குறி சொல்வாள், பிறகு சிங்கன் வலையோடு பறவை பிடிக்க வருவான். சாஸ்திரியார் இந்தக் கட்டுக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டார். உலா வருகிற தலைவன் பெத்லகேமில் பிறந்தவர். தலைவி தேவமோகினி, அதாவது சபை. சிங்கன் வீசுகிற வலை வேத வசனம். நாட்டு வளம் சொல்லும் இடத்தில், தரங்கம்பாடியில் படித்த பூகோளமும் கிரகங்களும்கூட உள்ளே வந்துவிடுகின்றன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஆடிப் பாட ஏற்பட்டது குறவஞ்சி. தஞ்சைப் பெரிய கோயிலில் சரபோஜி மன்னர் பேரிலேயே ஒரு குறவஞ்சி நடந்தது. ஊர் கூடி, விளக்கேற்றி, பூக்கடையும் பலகாரக் கடையும் போட்டு நடக்கிற விழாவில் பழகிய வடிவம் அது. கிறிஸ்தவராகிவிட்டதால் அந்தச் சந்தோஷத்தை விட்டுவிட வேண்டியதில்லை என்று சாஸ்திரியார் நினைத்தார். அவர் வாழ்க்கையில் வந்த பெரிய சண்டைக்கு இதுவும் ஒரு காரணம்.

சம்பளமும் பாட்டும்

1798-ல் ஸ்வார்ட்ஸ் ஐயர் இறந்தார். அதே வருடம் சரபோஜி பட்டத்துக்கு வந்தார். சாஸ்திரியாருக்கு அரண்மனையில் நல்ல மரியாதை இருந்தது. இங்கே ஒரு கதை சொல்வார்கள். பெரிய கோயில் பிரகதீஸ்வரர் பேரிலும் பாட வேண்டும் என்று மன்னர் கேட்டாராம். சாஸ்திரியார் ராத்திரியெல்லாம் யோசித்துவிட்டு, மறுநாள் இயேசுவின் பேரில் ஒரு கீர்த்தனையைக் கட்டிக்கொண்டு போய்ப் பாடினாராம். மன்னர் கோபித்துக்கொள்ளவில்லை என்று முடிகிறது கதை.

பக்கத்தில் திருவையாற்றில் தியாகராஜர் சரபோஜியின் அழைப்பையும் பொருளையும் வேண்டாம் என்று சொன்னதாக இன்னொரு கதை உண்டு. இரண்டும் செவிவழி வந்தவைதான். ஆனாலும் ஒரு கணக்கரின் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும். ஒருவர் பணமே வேண்டாம் என்றார். மற்றவர் மன்னரின் ஆதரவை ஏற்றுக்கொண்டார், எதைப் பாடுவது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. குடும்பம் வைத்துக்கொண்டு மாதச் சம்பளத்தில் வாழ்ந்த நமக்கு இரண்டாவது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

ஸ்வார்ட்ஸ் காலத்துக்குப் பிறகு சில வருடங்களில் புதிய மிஷனரிகள் வந்தார்கள். அவர்களுக்குப் பழைய வழக்கங்கள் பல பிடிக்கவில்லை. சாஸ்திரியார் 1829 வாக்கில் எழுதிவைத்த முறையீட்டில் நான்கு விஷயங்களைக் கொடுமை என்று சொல்கிறார். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றினது ஒன்று. சபையில் சாதி வித்தியாசம் கூடாது என்று கட்டாயப்படுத்தினது ஒன்று. விசேஷங்களில் பூ வைக்கக் கூடாது என்றது ஒன்று. தமிழ்க் கீர்த்தனையும் வாத்தியமும் கோயிலில் வேண்டாம் என்றது ஒன்று.

இங்கே நான் பூசி மெழுக விரும்பவில்லை. சாதி விஷயத்தில் சாஸ்திரியார் பேசியது தவறு. சபைக்குள் வெள்ளாளர் தனியே உட்காருவதையும் தனியே வாங்குவதையும் அவர் ஊர் வழக்கம் என்று சொல்லி ஆதரித்தார். ஒரே கூரையின் கீழே பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவருக்கு அது வழக்கம் இல்லை, அவமானம். அவர் பாட்டை எல்லாச் சாதிக்காரரும் பாடினார்கள். அவர் வாதம் அந்தப் பாட்டின் உயரத்துக்கு வரவில்லை. ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது வரவை மட்டும் காட்டிப் பற்றை மறைத்தால் அது கணக்கு ஆகாது.

பூவிலும் பாட்டிலும் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு ஊரின் பண்டிகையிலிருந்து அந்த ஊர்ப் பூவையும் அந்த ஊர் மெட்டையும் எடுத்துவிட்டால் மீதி இருப்பது இரவல் பண்டிகை. அதை அவர் விடாமல் சொன்னார். பலன், 35 வருட வேலை போயிற்று. 55 வயது. ஓய்வூதியம் என்ற ஏற்பாடு எதுவும் கிடையாது. அப்போது கைகொடுத்தவர் சரபோஜி. மன்னரின் மதம் வேறு, பாடுகிறவரின் மதம் வேறு, அரண்மனையிலிருந்து படி வந்தது. தன் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிரசங்கம் செய்யவும் செய்தார். மகளாக வளர்ந்த ஞானதீபம் அம்மாளும் நன்றாகப் பாடுவார்.

1832-ல் சரபோஜி காலமானார். 1855-ல் அவர் மகன் சிவாஜியும் ஆண் வாரிசில்லாமல் இறக்க, கும்பினியார் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். தஞ்சாவூரில் பாடினவர்களுக்கும் ஆடினவர்களுக்கும் படியளந்த வீட்டின் கதவு அத்தோடு சாத்திக்கொண்டது. சாஸ்திரியார் அதையும் பார்த்துவிட்டு, 1864 ஜனவரி 24-ல், 89 வயதில் காலமானார்.

அதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் நடந்தது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் என்பவர் தமிழ்க் கீர்த்தனைகளைத் தேடிச் சேர்த்து 1853-ல் புத்தகமாகப் போட்டார். சாஸ்திரியாருடைய பாட்டுகள் அதில் நிறைய. எது கோயிலுக்குள் வேண்டாம் என்று ஒரு மிஷனரி தலைமுறை சொன்னதோ, அதை அடுத்த தலைமுறை மிஷனரி ஒருவரே அச்சில் ஏற்றினார். இன்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கீர்த்தனை இல்லாத கிறிஸ்துமஸ் ஆராதனை அநேகமாகக் கிடையாது.

கடைக்காரர் பாட்டும் நம் பாட்டும்

இப்போது வியாபாரத்துக்கு வருகிறேன். டிசம்பர் பிறந்தால் துணிக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் ஜிங்கிள் பெல்ஸ் ஓடுகிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பாண்ட் என்பவர் எழுதி 1857-ல் வெளியான பாட்டு அது. தஞ்சாவூரில் சாஸ்திரியார் அப்போது உயிரோடுதான் இருக்கிறார். அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. பனியில் குதிரை வண்டி ஓட்டுகிற உல்லாசப் பாட்டு. பனியே பார்க்காத நம் ஊரில் அது கிறிஸ்துமஸ் பாட்டு ஆகிவிட்டது என்றால் அதில் கடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

கடைக்காரர் காரணம் இல்லாமல் பாட்டுப் போடுவதில்லை. 1982-ல் ரொனால்ட் மில்லிமன் என்ற அமெரிக்கர் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சில நாள் வேகமான இசை, சில நாள் மெதுவான இசை ஓடவிட்டுப் பார்த்ததில், மெதுவான இசை ஓடிய நாட்களில் ஜனங்கள் நிதானமாக நடந்தார்கள், விற்பனை சுமார் 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. பாட்டு நம் காலைக் கட்டிப்போடுகிறது, பர்ஸ் திறக்கிறது. இதில் தப்பு ஒன்றும் இல்லை, அது வியாபாரம். ஆனால் விற்பதற்காகப் போடுகிற பாட்டு, விற்பனை முடிந்ததும் நின்றுவிடும். ஜனவரியில் அதே கடையில் வேறு பாட்டு.

வியாபாரம் பாட்டுக்குக் கெடுதல் என்றும் நான் சொல்லவில்லை. அதே தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் இருந்தார். 1859-ல் பிறந்தவர். சித்த மருந்து தயாரித்து விற்று நன்றாகச் சம்பாதித்தார். அந்தப் பணத்தில் 1912-ல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் ஆரம்பித்து, வித்வான்களைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார், 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய இசை நூலை அச்சிட்டார். அவரும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதியவர். கடை பாட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம், கடை பாட்டைக் காப்பாற்றவும் செய்யலாம். பணம் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

சாஸ்திரியார் பாட்டுக்கு ராயல்டி கிடையாது. இப்போதைய சட்டப்படி பார்த்தாலும் ஆசிரியர் இறந்து 60 வருடத்தில் உரிமை முடிந்துவிடும். இவர் இறந்து 160 வருடம் ஆகிவிட்டது. யாரும் பாடலாம், ஒரு பைசா கொடுக்க வேண்டாம். மிஷன் சம்பளம் நின்றது, அரண்மனைப் படியும் நின்றது. பாட்டு மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் வீட்டில் அம்மாக்களும் பாட்டிகளும் அதைத் தினமும் வாயில் வைத்திருந்தார்கள். இத்தனை வருடமாக அந்தப் பாட்டுக்குப் படியளந்தவர்கள் அவர்கள்தான். நம் ஹாலில் அன்று பாடியவர் அந்த வரிசையில் ஒருவர். அவருக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

இது ஒரு மதத்துக்காரர் கவலை மட்டும் இல்லை. மார்கழியில் நம் தெருவில் விடிகாலை திருப்பாவை கேட்கிறது. ஸ்பீக்கர் பாடுகிறது, நாம் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். என் அம்மாவுக்கு முப்பதும் பாடமாகத் தெரியும். எனக்கு நாலைந்து தேறும். என் பேத்திக்கு ஒன்றும் தெரியாது. இதில் குற்றம் சொல்ல வேண்டுமானால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அதனால் கமிட்டிக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த வருடம் கிறிஸ்துமஸ் விழாவுக்கு ஸ்பீக்கர் வாடகை வேண்டாம். அந்தத் தொகைக்கு ஒரு மிருதங்கக் கலைஞரையும் ஆர்மோனியம் வாசிப்பவரையும் ஒரு மாலைக்கு அழைக்கலாம். நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியம்மா ஒரே ஒரு கீர்த்தனையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் அல்லாதவர்கள் பிள்ளைகளை அனுப்புவதா என்று யோசித்தால், சரபோஜி மன்னரை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் திருப்பாவை சொல்லிக்கொடுக்க இரண்டாவது மாடி மாமி தயாராக இருக்கிறார். அதற்கு அவர் பிள்ளைகளும் வரட்டும்.

கமிட்டி கூட்டம் வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு, பொது ஹாலில். யோசனை பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் வந்து சொல்லுங்கள். நான் பல்லவி வரை கற்றுக்கொண்டுவிட்டேன். குரல் கேட்கும்படி இருக்காது, கூட்டத்தோடு சேர்ந்தால் தெரியாது.

முன்கூட்டியே உங்கள் எல்லோருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.